தொப்பி மாறிய படம்

அந்தப் படத்தில் இருப்பது அப்போலினின் முகம்தான் என்று அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியவில்லை. அவளும் இருபது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

கறுப்புச் சட்டம் போட்டு, அவள் வீட்டில் கணப்புக்கு மேலே மாட்டியிருந்தது படம். அவள் வீட்டில் மட்டுமா, பாரிஸில் பாதி வீடுகளில் அது தொங்கியது. ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் இருந்தது, மருத்துவச்சி வீட்டில் இருந்தது, பிள்ளையே இல்லாத வக்கீல் குமாஸ்தா வீட்டிலும் இருந்தது. "வீடு திரும்பிய குழந்தை" என்று அடியில் அச்சிட்டிருக்கும். பூவும் ரிப்பனும் வைத்த தொப்பியோடு ஒரு இளம் தாய். செவிலித்தாயிடம் இரண்டு வருஷம் வளர்ந்து அன்றுதான் ஊரிலிருந்து வந்த குழந்தை அவள் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் ஓரமாக, வெள்ளைத் துணித்தொப்பி போட்ட செவிலித்தாய், இரண்டு கைகளையும் நீட்டியபடி நிற்கிறாள். பிள்ளையைக் கொடுத்துவிட்ட வெறுங்கை. பார்க்கிற பெண்கள் எல்லாரும் முதலில் தாயைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு செவிலியைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள்.

சிதோனி தன் பத்து நாள் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்த அன்று காலையில், அந்தப் படத்தைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பித்தாள். அவளுக்குச் செயற்கைப் பூ செய்கிற பட்டறையில் வேலை. பசையும் சாயமும் நாறுகிற இடத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. அவள் புருஷனுக்கு அச்சுக்கூடத்தில் விடிந்தால் போய் இருட்டினால் வருகிற வேலை. எல்லாரையும் போல அவளும் பிள்ளையை ஊருக்கு அனுப்பத்தான் வேண்டும். ஆனால் முகம் தெரியாத யாரிடமோ கொடுக்க அவளுக்கு மனசில்லை. அம்மாவிடம் கேட்காமலே, தன்னை வளர்த்த பெரினின் ஊருக்கு வண்டிக்காரர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அந்த முகத்தைப் பாரும்மா. என்னை விட்டுட்டுப் போக அவங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கு. அப்படிப்பட்டவங்ககிட்டதான் என் பொண்ணைக் குடுப்பேன்."

பெரினுக்கு வயசாகியிருக்குமே என்றாள் அப்போலின். பெரின் போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலமே போய்ச் சேர்ந்துவிட்டாளாம், அவள் மகள் துவானெத் வருகிறாளாம், இன்று மத்தியானமே வந்துவிடுவாள் என்றாள் சிதோனி. தன்னோடு ஒரே மார்பில் பால் குடித்தவள், ஒருவகையில் அக்கா முறை என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

துவானெத்துக்குப் பெரினின் ஜாடை இருக்குமோ என்று அப்போலின் நினைத்தாள். வேறு ஒன்றையும் நினைக்க முடியவில்லை.

சிதோனி வயிற்றில் இருக்கும்போதே அப்போலினின் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். சேன் ழாக் வீதியில் முசியே ராவனெலின் படக்கடை மாடியில், நீளமேஜையைச் சுற்றி ஏழு பெண்கள் உட்கார்ந்து அச்சுப் படங்களுக்கு வர்ணம் பூசுவார்கள். ஒருத்தி வானம் பூசித் தள்ளினால் அடுத்தவள் மரம் பூசுவாள், அதற்கடுத்தவள் பாவாடை. கன்னம் மட்டும் அப்போலின் கைக்கு வரும். கன்னத்தில் தூரிகை ஓர் இழை கூடினால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிடும், குறைந்தால் செத்த முகம். அந்தக் கை அவளுக்குத்தான் இருந்தது. அந்த மேஜையை விட்டால் அவளுக்கும் பிள்ளைக்கும் சோறு இல்லை. பத்தாம் நாள் மொர்வான் மலையிலிருந்து வந்த பெரினிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டாள்.

வண்டி ஏறும்போது பெரின் கேட்டாள். "உங்களது ஏதாச்சும் ஒண்ணு குடுங்க மதாம். புள்ள பக்கத்துல வெக்கிறேன்." வேறு ஒன்றும் தோன்றாமல், தலையிலிருந்த வேலைத்தொப்பியைக் கழற்றிக் கொடுத்தாள் அப்போலின். வெள்ளைத் துணி, ஓரத்தில் நீல நாடா. அதைக் கொடுத்ததையே அப்புறம் மறந்துவிட்டாள்.

இரண்டு வருஷமும் மூன்று மாதமும் கழித்துப் பிள்ளை திரும்பி வருகிறது என்று சேதி வந்தபோது, மேஜையில் ஒரு வாரம் அதே பேச்சு. ராவனெலுக்காக அச்சுக்கல்லில் படம் வரைகிற முசியே கொர்பினோவுக்கும் காதில் விழுந்தது. தாய்ப்பாசத்தைப் பற்றி ஆறு படம் கேட்டிருந்தார் முதலாளி. ஐந்து முடிந்துவிட்டது. கல்யாணமே ஆகாத கொர்பினோ, ஆறாவதற்கு என்ன செய்வது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன் என்று கெஞ்சினார். அப்போலினுக்கு உள்ளுக்குள் பெருமை. பக்கத்து நாற்காலி உர்ஸுல் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"படத்துல வரப்போறவ இந்தப் பழந்துணியையா தலையில மாட்டிக்கிட்டு நிப்ப? செவிலி யாரு, தாய் யாருன்னு தெரியாமப் போயிடும்டி. என் தொப்பியை எடுத்துக்க. ஆனா ரிப்பன்ல புள்ள எச்சில் பட்டுதுன்னா கொன்னுடுவேன்."

இரவல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் நாலு தரம் பார்த்துக்கொண்டு, அப்போலின் காத்திருந்தாள். மூலையில் கொர்பினோ பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். அப்போலின் இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது. பிறகு பெரினின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, முகத்தை அவளுடைய வெள்ளைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டு சொன்னது. "மதாம்கிட்ட போமாட்டேன்."

மதாம். தன் வயிற்றுப் பிள்ளை தன்னை மதாம் என்கிறது. அதுவும் ஒரு வெளியாள் காகிதத்தில் கீறிக்கொண்டிருக்கையில். அப்போலின் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றாள். பெரின் அழுதாள். புதுசில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான், ஒரு ராத்திரி மட்டும் நான் கூடத் தங்கிப் பழக்கிவிட்டுப் போகிறேன் என்று கேட்டாள். குனிந்து மூட்டையின் முடிச்சில் கை வைத்தாள். "ஒரு நிமிஷம் மதாம், இதுல ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

"வண்டி நாலு மணிக்குக் கெளம்பிடும், பெரின். நீ போ."

சொன்னது அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. பெரின் முடிச்சை மறுபடி இறுக்கிக்கொண்டு, கழுத்திலிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவள் தெருமுனை திரும்பி வெகுநேரம் ஆன பிறகும் குழந்தையின் அலறல் நிற்கவில்லை.

கொர்பினோ நேர்மையானவர். பார்த்ததை அப்படியே வரைந்துவிட்டார். அதைப் பார்த்த ராவனெல், "அம்மாகிட்ட வரமாட்டேங்கற புள்ளையை எவன்யா வீட்டுல மாட்டுவான்?" என்று கேட்டார். கல்லில் ஏற்றியாகிவிட்டது, வேறு கல்லும் நேரமும் இல்லை என்றார் கொர்பினோ. ராவனெல் படத்தைத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தொப்பியை மாற்றிவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு லேசான வேலை அது. கொர்பினோ கல்லில் இரண்டு தலையையும் ஊசியால் சுரண்டி, பெரின் தலையில் ரிப்பன் தொப்பியையும் அப்போலின் தலையில் வெள்ளைத் தொப்பியையும் வரைந்தார். சட்டையில் கொஞ்சம் லேஸ், பாவாடையில் கொஞ்சம் கோடு. அரை நாளில் பெரின் தாயானாள். அப்போலின் செவிலியானாள்.

அச்சான முதல் கட்டு மேஜைக்கு வந்தபோது ஒருத்திக்கும் அடையாளம் தெரியவில்லை. கல்லில் வரைந்தது காகிதத்தில் இடம்வலமாக மாறித்தான் விழும். அதனால் தெரிந்த முகம்கூட ஏதோ அயல் முகம் மாதிரி ஆகிவிடும். ஆனால் கண்ணாடியில் மட்டுமே தன்னைப் பார்த்துப் பழகியவளுக்கு, அதுதான் தன் நிஜ முகம். பார்த்த உடனே அப்போலினுக்குத் தெரிந்துவிட்டது. உர்ஸுல் மூக்கைச் சிந்தினாள். "அந்தச் செவிலியைப் பாரேன். புள்ளையை விட மனசே இல்ல பாவம்."

வர்ணத்துக்கு மாதிரித் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. தாயின் கன்னத்துக்கு ரோஜா. செவிலியின் கன்னத்துக்கு வெயிலில் காய்ந்த செம்மண் நிறம். அந்த மாதம் முழுக்க அப்போலின், பெரினுக்கு ரோஜா பூசி, தன் முகத்துக்கு மண் பூசினாள். ஒரு தாளில்கூடக் கை நடுங்கவில்லை. நல்ல வேலைக்காரி.

வீட்டில் பிள்ளை சாப்பிடவில்லை. கதவுக்கு அருகிலேயே படுத்துக்கொள்ளும். தூக்கப் போனால் விறைத்துக்கொள்ளும். ஒரு நாள் சாயங்காலம், வேலையிலிருந்து கொண்டுவந்த பையிலிருந்து கொர்பினோ கொடுத்த படத்தாள் நழுவித் தரையில் விழுந்தது. பிள்ளை மெல்ல நடந்து வந்து குனிந்து பார்த்தது. ரிப்பன் தொப்பி போட்ட முகத்தின் மேல் விரலை வைத்தது. மூன்று வாரமாக அழுகையைத் தவிர வேறொன்றும் வராத வாயிலிருந்து சொல் வந்தது.

"அம்மா."

அது யார் என்று பிள்ளைக்குத் தெரியும். அப்போலினுக்கும் தெரியும். அவள் மிகவும் களைத்துப்போயிருந்தாள்.

"ஆமாண்டா கண்ணு. அம்மாதான். நான்தான் அது."

மறுநாள் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினாள். அதே மாதிரி பூவும் ரிப்பனும் வைத்த தொப்பி ஒன்றை வாங்கி, வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டாள். சூப்பு கிண்டும்போதும் போட்டுக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். பிள்ளை படத்தைப் பார்க்கும், தொப்பியைப் பார்க்கும், இவள் முகத்தைப் பார்க்கும். இலையுதிர்காலம் முடிவதற்குள் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்த ஓரத்தில் நிற்கிறது யாரம்மா என்று நாலு வயசில் கேட்டது. உன்னை வளர்த்த செவிலியம்மா என்றாள் அப்போலின். ஏன் அழற மாதிரி இருக்காங்க என்று கேட்டது. உன்னை விட்டுட்டுப் போகணுமே, அதான் என்றாள். சொல்லச் சொல்ல, பொய் என்பதே அவளுக்கு மறந்துபோகிற நாட்களும் இருந்தன.

ஒரே ஒரு தடவை அந்தப் பொய் முகத்துக்கு நேராக வந்து நின்றது. சிதோனிக்கு அப்போது ஆறு வயசு. வேறொரு பிள்ளையைக் கூட்டிப்போகப் பாரிஸ் வந்த பெரின், ஒரு கையில் வாதுமைப் பையும் மறு கையில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையுமாகப் படியேறி வந்து கதவைத் தட்டினாள். உள்ளே படத்துக்குக் கீழே உட்கார்ந்து சிதோனி பொம்மையோடு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தால் போதும், மேலே ஒரு முகம், வாசலில் அதே முகம். அப்போலின் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். பிள்ளை வீட்டில் இல்லை, அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள். உள்ளே பொம்மைக்கு உதை விழுந்துகொண்டிருந்தது.

பெரின் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"நல்லாப் பேசறா மதாம். அது போதும்." காலுறையைக் கையில் கொடுத்தாள். "அளவு ஒரு குத்துமதிப்புத்தான்."

அளவு சரியாக இருந்தது. சந்தையில் வாங்கியதாகச் சிதோனியிடம் சொன்னாள்.

சிதோனி சொன்னபடியே மத்தியானம் துவானெத் வந்தாள். அகலமான தோள், சிவந்த கை, படியேறியதில் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். பாய்ந்து கட்டிக்கொள்ளப் போன சிதோனி, அப்படியே நின்றுவிட்டாள். துவானெத்தைப் பார்த்தாள். கணப்புக்கு மேலே பார்த்தாள். மறுபடி துவானெத்தைப் பார்த்தாள்.

அப்போலின் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவள் பயந்ததைவிட மோசம். அது ஜாடை இல்லை. அன்று படியேறி வந்த பெரினேதான்.

துவானெத் இதையெல்லாம் கவனிக்கவில்லை. வழி நெடுக வண்டி எப்படிக் குலுக்கியது, வண்டிக்காரன் எப்படித் தூங்கிவழிந்தான் என்றெல்லாம் சொல்லி, குழந்தையை வாங்கி மோந்து பார்த்து, இது பால் குடிக்கிற மூக்குதான் என்று தீர்ப்புச் சொல்லி, சிதோனியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இம்மாத்தூண்டு இருந்தே. என் பால எல்லாம் நீதான் குடிச்சு நான் இப்படி இளைச்சுட்டேன்" என்று தன் பருத்த உடம்பைத் தட்டிச் சிரித்தாள். "சாகற வரைக்கும் அம்மாவுக்கு உன் பேச்சுத்தான். ஒரு தடவை உங்க வாசல் வரைக்கும் வந்துச்சாமே. நீ உள்ள பொம்மையைப் போட்டு அடிச்சுக்கிட்டிருந்தியாம். வெளியில நின்னு கேட்டுட்டு வந்தேன்டி, மவராசி மாதிரி அதட்டறாடின்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

சிதோனி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

துவானெத் மூட்டையை அவிழ்த்தாள். சீஸ் ஒன்று, வாதுமை கொஞ்சம். அடியிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து அப்போலினிடம் நீட்டினாள். "இது உங்களுதாமே மதாம். போனாக் குடுத்துடுன்னு அம்மா சொல்லியிருந்துச்சு."

வெள்ளைத் துணித்தொப்பி. ஓரத்து நீல நாடா வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. ஒரு பக்கம் முழுக்கச் சின்னப் பல் கடித்த பொத்தல்கள்.

"தினம் படுக்கப் போறப்போ இதைக் காட்டி, இதான்டி உங்கம்மா, பாரிஸ்ல இருக்காங்க, முத்தம் குடுன்னு சொல்லும். இவளும் குடுப்பா. நானும் குடுத்திருக்கேன். வெள்ளைத் தொப்பியும் நீல நாடாவுமா யார் வந்தாலும் அம்மான்னு ஓடிடுவான்னு அம்மா அவ்வளவு நம்பியிருந்துச்சு. ஆனா பாருங்க, நீங்க அன்னிக்குப் பூ வெச்ச தொப்பி போட்டிருந்தீங்களாம். எங்க ஊர்ல அந்த மாதிரித் தொப்பி போடறது மாளிகைக்காரம்மா ஒருத்திதான். அவங்க வந்தா புள்ளைங்க எல்லாம் வரிசையா நின்னு மதாம்னு வணக்கம் சொல்லணும். பயந்துக்கும். இந்தத் தொப்பியை எடுத்துத் தலையில வெக்கச் சொல்லலாம்னு அம்மா மூட்டையை அவிழ்க்கப் போச்சாம். வண்டிக்கு நேரமாயிடுச்சாம்."

அவள் குறை சொல்லவில்லை. ஊர்க்கதை சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

அப்போலின் தொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் மதாம், இதுல ஒண்ணு கொண்டாந்திருக்கேன். அந்தக் குரல் அப்படியே காதில் இருந்தது. ஒரு நிமிஷம்தான் கேட்டாள். வண்டிக்கு நேரமாகவே இல்லை. நாலு மணி வண்டி, அப்போது ஒரு மணிகூட அடித்திருக்கவில்லை.

"படத்துல இருக்கறது யாரும்மா?" என்றாள் சிதோனி.

"பெரின்."

"தொப்பி போட்டு, என்னைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கறது?"

"பெரின்தான். படம் விக்கணும்னு தொப்பியை மாத்திட்டாங்க. அந்தத் தொப்பியும் என்னுது இல்ல. இரவல்."

சிதோனி கணப்பின் அருகே போய் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். தாயை அல்ல. ஓரத்தில், வெள்ளைத் தொப்பியோடு, மண்நிறக் கன்னத்தோடு, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறவளை. சின்ன வயசிலிருந்து எத்தனையோ தரம் பாவம் என்று சொன்ன முகம்.

"அப்போ இது நீ."

"ஆமா."

"அவங்க வந்தப்போ கதவைத் தொறந்திருக்கலாமேம்மா."

அப்போலின் தலையாட்டினாள். தொறந்திருக்கலாம். உன்னை மறுபடி இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அது உண்மைதான். ஆனால் வாசலில் காலுறையோடு நின்றவளுக்கு அது பதிலாகாது.

துவானெத் எழுந்து வந்து இருவருக்கும் நடுவே எட்டிப் பார்த்தாள். அவளுடைய அம்மாவை யாரும் படம் வரைந்ததில்லை. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கம்மாவா இது? இந்தத் தொப்பியில பாத்திருந்தா அதுவே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும்." சிரிக்கத்தான் பார்த்தாள். பிறகு கையிலிருந்த குழந்தையின் தலைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அப்போலின் எழுந்து படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். பாவாடை நுனியால் கண்ணாடியைத் துடைத்து, துவானெத்தின் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். எடுத்துக்கொண்டு போ என்றாள். வேண்டாம் என்று சிதோனி சொல்வாள் என எதிர்பார்த்தாள். சொல்லவில்லை.

துவானெத்தின் வண்டி அன்றைக்கே. இரண்டு நாள் இங்கேயே தங்கு, வேற வண்டியில போகலாம் என்றாள் சிதோனி, அம்மாவைப் பார்க்காமல். துவானெத் தங்கினாள். மூன்றாம் நாள் காலை வண்டி நிலையத்தில், சிதோனி தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். பட்டறையில் தினமும் போட்டுக்கொள்கிற, பசைக்கறை பட்ட தொப்பி.

"இதைக் காட்டுக்கா. கூட்டிக்கிட்டு வர்ற அன்னிக்கு இதே மாதிரிதான் போட்டிருப்பேன். வேற எதுவும் போடமாட்டேன்."

வெறுந்தலையோடு நின்று, வண்டி மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்போலினோடு நடந்து வந்தாள். தெருமுனையில் வழக்கம்போல் அம்மாவின் கையைக் கோத்துக்கொள்ளவில்லை. விலகியும் போகவில்லை. மாலையில் சூப்புக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனாள்.

அப்போலின் மாடியேறி வந்தாள். கணப்புக்கு மேலே சுவரில் ஒரு சதுரம் மட்டும் புதுசு மாதிரி வெளுப்பாக இருந்தது. பழைய தொப்பியை எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்று தலையில் வைத்துப் பார்த்தாள். நாடாவைக் கட்டினாள். கண்ணாடியில் தெரிந்தது, அன்று ஒரு மாதம் முழுக்க அவளே மண் பூசிய அந்த முகம்தான், இப்போது இன்னும் கொஞ்சம் கிழடாக.

அதைக் கழற்றாமலே சூப்புக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.